பத்மினியைப் புதுப்பிப்பதா, பிரித்து விற்பதா?

துருப்பிடித்த பழைய காரின் தலைவிதி தகரத்திலும் ஆர்.சி. புத்தகத்திலும் எழுதியிருக்கிறது

மும்பையின் பழைய குடியிருப்புகளில் பழக்கப்பட்ட காட்சி. மதில் ஓரமாக, கிழிந்த தார்ப்பாய்க்குள் ஒரு பிரீமியர் பத்மினி. டயர்களில் காற்று போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. கதவின் அடிப்பகுதியைத் தொட்டால் துரு பொடியாக உதிர்கிறது. அப்பா வாங்கிய கார். விற்க மனமில்லை, ஓட்ட வழியில்லை. ஒருநாள் குடியிருப்போர் சங்கத்திலிருந்து இடத்தைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வருகிறது. பல ஆண்டுகளாகத் தள்ளிப்போட்ட கேள்வி அப்போதுதான் வீட்டுக்குள் வருகிறது. புதுப்பிப்பதா, பிரித்து விற்பதா?

பத்மினியைப் பொறுத்தவரை இந்தக் கேள்வி அவசரமாகிவிட்டது. இத்தாலியின் ஃபியட் 1100 காரின் டிலைட் மாடல் 1964 முதல் குர்லா தொழிற்சாலையில் தயாராயிற்று. 1974-ல் ராணி பத்மினியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 2000-ஆம் ஆண்டுவாக்கில் உற்பத்தி நின்றபோதும் உதிரி பாகங்களுக்குப் பஞ்சம் வரவில்லை. கருப்பு-மஞ்சள் டாக்சிகள் ஓடியதால் கடைக்காரர்களுக்கு வியாபாரம் இருந்தது. மும்பையில் டாக்சிகளுக்கு 20 ஆண்டு வயது வரம்பு. 2003 அக்டோபரில் பதிவான கடைசி பத்மினி டாக்சி, 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றது. அதோடு தினசரி வாடிக்கையாளர்களும் போய்விட்டார்கள். இனி ஒரு பத்மினி ஓட வேண்டுமென்றால், பல பாகங்களை இன்னொரு பத்மினிதான் தர வேண்டும்.

முடிவெடுக்க வரும் பலர் முதலில் பானட்டைத் திறக்கிறார்கள். அது அவ்வளவு முக்கியமில்லை. 1089 சிசி எஞ்சின் எளிமையானது. இறுகிப் போயிருந்தாலும் பிரித்து, போர் போட்டு, பிஸ்டன் மாற்றினால் பெரும்பாலும் உயிர் பெற்றுவிடும். பார்க்க வேண்டிய இடம் காரின் அடிப்பகுதி. பத்மினிக்குத் தனி சேஸிஸ் கிடையாது. தரையும் பக்கங்களும் கூரையும் சேர்த்து வெல்டு செய்த கூடுதான் சுமையைத் தாங்குகிறது. அம்பாசடரும் இதே வகைதான். சென்னையில் 1961-ல் தயாரிக்கத் தொடங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு மட்டும் வேறு ரகம். அதற்குத் தனி சேஸிஸ் உண்டு. பாடியை போல்ட் கழற்றித் தூக்கிவிடலாம். ஹெரால்டின் பாடி அரித்திருந்தால் அந்தப் பகுதியை மாற்றினால் போதும். பத்மினியின் தரையும் கதவுப்படியும் அரித்திருந்தால், போனது முதுகெலும்பு.

சோதித்துப் பார்க்க ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஒரு காந்தமும் போதும். கதவுப்படியின் அடிப்புறம், கால்மிதிக்குக் கீழுள்ள தரை, பேட்டரி தட்டு, டிக்கியின் தரை, பின்சக்கரப் பட்டை ஸ்பிரிங் பொருந்தும் இடம் ஆகியவற்றைக் குத்திப் பார்க்க வேண்டும். காந்தம் ஒட்டாத இடத்தில் தகரம் இருக்காது, எப்போதோ டிங்கரிங் செய்தவர் பூசிய பட்டிதான் இருக்கும். ஓரிரு இடங்களில் ஓட்டை என்றால் வெட்டியெடுத்துப் புதுத் தகரம் வைத்து வெல்டு செய்யலாம். ஸ்பிரிங் பிடிமானமே உதிர்ந்தால் யோசிக்க வேண்டும். பெயின்ட்டை உரித்த பிறகுதான் துருவின் முழு அளவு தெரியும். எனவே பட்டறைக்காரர் முதலில் சொல்லும் தொகை அப்படியே நிற்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

அடுத்தது ஆர்.சி. புத்தகம். 15 ஆண்டு கடந்த காருக்குப் பரிசோதனை செய்து பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டைத் தாண்டியவற்றுக்கு இதற்கான கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு நிறைந்து, அசல் வடிவமும் மாறாமல் இருந்தால், 2021 ஜூலையில் அறிவிக்கப்பட்ட விதிகளின்படி விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். 1974-ல் பதிவான பத்மினிகள் 2024-லேயே இந்த வயதை எட்டிவிட்டன. ஆனால் கண்காட்சிக்கும் பேரணிக்கும் ஓட்டிச் செல்லலாமே தவிர, தினமும் அலுவலகம் போக முடியாது.

தகரமும் ஆர்.சி.யும் கைவிட்டால் பிரிப்பதே நியாயம். பத்மினி பிறந்த குர்லாவிலேயே பழைய கார் பாகங்களின் பெரிய சந்தையும் இருக்கிறது. கிரில், விளக்கு வளையங்கள், கண்ணாடிகள், கியர்பாக்ஸ், ஸ்டியரிங் தண்டில் பொருந்திய கியர் கம்பி எல்லாவற்றுக்கும் புதுப்பிக்கும் ஆர்வலர்களிடம் தேவை இருக்கிறது. மொத்தமாகக் காயலான் கடைக்குப் போட்டால் இரும்பு விலைதான். பொறுமையாகக் கழற்றி விற்பவருக்கு அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும்.

இதிலும் சட்டம் உண்டு. கார் இனி ஓடவே ஓடாது என்றானதும் 14 நாளில் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்கச் சொல்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவு. இதைச் செய்யாவிட்டால் சேஸிஸ் எண் ஒரு திருட்டுக் காரில் மறுபிறவி எடுக்கக்கூடும். திருட்டு வாகனங்களைப் பிரித்து விற்பதாகப் புகார் எழுந்த மீரட்டின் சோதிகஞ்ச் சந்தை 2021 டிசம்பரில் இழுத்து மூடப்பட்டது.

இரண்டு வழிகளில் எதைத் தேர்ந்தாலும் தவறில்லை. பிரித்தால் அப்பாவுக்குத் துரோகம் செய்ததாக மனம் உறுத்தத் தேவையில்லை. அவர் காரின் கியர்பாக்ஸ் இன்னொருவருடைய அப்பாவின் காரில் ஓடும். மோசமானது மூன்றாவது வழி. தார்ப்பாய் மழையைத் தடுத்தாலும் அடியிலிருந்து ஏறும் ஈரத்தைச் சிறைப்பிடித்து வைத்துக்கொள்கிறது. இந்த ஆண்டு வெல்டு செய்யக்கூடிய தரையும் கழற்றக்கூடிய கதவும், இன்னும் சில மழைக்காலம் போனால் எதற்கும் உதவாது. ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு கீழே இறங்க வேண்டிய காலம், அடுத்த பருவமழைக்கு முன்.