கைப்பையில் இருக்க வேண்டிய இஹ்ராம் துணி

சில ஆண்டுகளுக்கு முன் தருமபுரி மாவட்டம் இண்டூரிலிருந்து உம்ராவுக்குப் புறப்பட்ட பெரியவர் ஒருவர், சென்னையில் விமானம் ஏறி நான்கு மணி நேரம் கழிந்த பின் தம் இருக்கையை விட்டு எழுந்து நின்றார். மேலே இருந்த பெட்டகங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். பணிப்பெண் வந்து உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை. இரண்டு வரிசை பின்னால் அமர்ந்திருந்த நான் எழுந்து அருகில் சென்றேன்.

“ஹஜ்ரத், இஹ்ராம் துணியை மகன் பெரிய பெட்டியில் வைத்துவிட்டானாம். அந்தப் பெட்டியைத்தான் சென்னையிலேயே வாங்கிக்கொண்டு விட்டார்களே! இப்போது மீக்காத் வந்துவிடும் என்கிறார்களே, நான் என்ன செய்வேன்?” என்று அவர் கேட்டபோது அவர் கைகள் நடுங்கின.

எழுபது ஆண்டுகள் வேட்டியும் துண்டுமாக வாழ்ந்த மனிதர் அவர். விமானத்தில் போகிறவருக்கு அது அழகன்று என்று எண்ணிய மகன், அன்று காலையில்தான் அவருக்குக் கால்சட்டை அணிவித்து அனுப்பியிருந்தார். வீட்டிலிருந்து வந்த கோலத்திலேயே அவர் விமானம் ஏறியிருந்தால், சட்டையை மட்டும் கழற்றினால் போதும். இஹ்ராம் உடை முடிந்திருக்கும்! தைக்கப்படாத நாலு முழ வெள்ளை வேட்டியும் ஒரு துண்டும் இஹ்ராமுக்குப் போதுமானவை என்பதை நம்மவர்களில் பலர் அறியார். ஹஜ் சாமான் கடையில் விற்கும் கனத்த பூந்துவாலைதான் இஹ்ராம் என்று நினைத்து அதற்காக அலைகிறார்கள்.

இங்கே சட்டம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். இஹ்ராம் என்பது துணியின் பெயரன்று. உம்ராவையோ ஹஜ்ஜையோ தொடங்குவதாக உள்ளத்தால் நிய்யத் செய்து தல்பியா முழங்குவதே இஹ்ராம் ஆகும். ஆண்கள் தைத்த ஆடையைக் களைவது அந்நிலையில் பேண வேண்டிய கடமைகளுள் ஒன்று. எனவே துணி கையில் இல்லை என்பதற்காக நிய்யத்தைத் தள்ளிப்போட்டு, “ஜித்தாவில் இறங்கிப் பெட்டியை எடுத்த பின் கட்டிக்கொள்ளலாம்” என்று இருந்துவிடுவது பெரும் பிழை. கப்பல் நாளில் நம் நாட்டவர்க்கு யலம்லம் எல்லையாக இருந்தது. இன்று நம் விமானங்கள் பெரும்பாலும் அரபு வளைகுடாவின் பக்கமாக நுழைந்து, தாயிஃப் நகரை அடுத்த கர்னுல் மனாஸில் எல்லையைக் கடந்தே ஜித்தாவில் இறங்குகின்றன. இஹ்ராம் இன்றி எல்லையைக் கடந்தவர் மீக்காத்துக்குத் திரும்பிச் சென்று நிய்யத் செய்ய வேண்டும். இல்லையேல் ஆடு ஒன்றைப் பலியிட்டுப் பரிகாரம் செய்ய வேண்டும்.

அப்படியானால் துணியே கிடைக்காதவர் என் செய்வது? சட்டையைக் கழற்றி, கைகளை நுழைக்காமல் தோளின் மீது துண்டுபோலப் போர்த்திக் கொள்ளலாம். இடுப்பில் கட்டுவதற்கு எதுவுமே கிடைக்காதவர் கால்சட்டையுடனேயே நிய்யத் செய்துகொள்ளட்டும். வேட்டி கிடைக்காதவர் கால்சட்டை அணியலாம் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இசைவளித்ததை இப்னு அப்பாஸ் (ரலி) அறிவித்துள்ளார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் இத்தகையவருக்குப் பரிகாரம் இல்லை. ஹனஃபி மத்ஹபிலோ தைத்த ஆடையை ஒரு முழுப் பகலோ ஒரு முழு இரவோ அணிந்திருந்தால் பலியும், அதற்குக் குறைந்தால் ஸதக்காவும் சொல்லப்பட்டுள்ளன. விமானக் குளிருக்குப் போர்வையை உடலில் போர்த்திக் கொள்வதில் தடையில்லை. ஆண்கள் தலையை மட்டும் மூடலாகாது. பெண்களுக்கு இத்தொல்லை எதுவும் இல்லை. அவர்கள் வழக்கமான உடையிலேயே நிய்யத் செய்வார்கள்.

நல்வாய்ப்பாக என் கைப்பையில் மாற்று வேட்டி ஒன்று இருந்தது. துண்டு அந்தப் பெரியவரிடமே இருந்தது. விமானத்தின் குறுகிய கழிப்பறைக்குள் அவர் உடை மாற்றிக்கொண்டு வருவதற்குள் கதவுக்கு வெளியே ஆறேழு பேர் காத்து நின்றனர். மீக்காத் நெருங்குகிறது என்ற அறிவிப்பும் அப்போதுதான் வந்தது. “லப்பைக்” என்று அவர் தொடங்கியபோது குரல் தழுதழுத்தது. மகிழ்ச்சியா, பட்ட பதற்றமா என்று எனக்கு இன்றும் தெரியாது.

ஆகவே ஜித்தாவுக்கு நேராகப் பயணம் செய்யும் ஆண்கள், வீட்டிலோ விமான நிலையத்திலோ குளித்து இஹ்ராம் உடையை உடுத்திக்கொண்டே விமானம் ஏறுவது சாலச் சிறந்தது. நிய்யத்தை மட்டும் மீக்காத்துக்குச் சற்று முன்பு வரை தாமதிக்கலாம். உடுத்தாதவர்கள் துணியைக் கைப்பையில் வைத்திருத்தல் வேண்டும். துபாய், ஷார்ஜா, தோஹா என்று இடையில் மாறிச் செல்வோர் இதில் இரு மடங்கு கவனம் கொள்க. சென்னையிலோ பெங்களூரிலோ ஒப்படைத்த பெட்டி நேரே ஜித்தாவுக்கே போய்விடும்; இடைவழியில் அது உங்கள் கண்ணில் படாது. முதலில் மதீனாவுக்குச் செல்வோருக்கு விமானத்தில் இஹ்ராம் இல்லை. அவர்கள் மதீனாவிலிருந்து மக்கா புறப்படும்போது துல்ஹுலைஃபாவில் நிய்யத் செய்வார்கள்.

இனி அந்தக் கைப்பையைப் பற்றிச் சொல்வேன். சாதாரண வகுப்பில் 7 கிலோ எடையுள்ள ஒரே ஒரு பை என்பதே நம் நாட்டு விமானங்களில் பொதுவான அளவு. நீளம் 55, அகலம் 40, கனம் 20 சென்டிமீட்டர் என்பது பல நிறுவனங்கள் ஏற்கும் பரிமாணம். நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும் என்பதால் பயணச்சீட்டைப் படித்துப் பார்த்தே பை வாங்க வேண்டும். கடவுச்சீட்டு, விசாத் தாள்கள், பணம், மூக்குக்கண்ணாடி, அன்றாடம் உண்ணும் மருந்து, இஹ்ராம் துணி, ஒரு மாற்றுடை ஆகிய இவ்வளவும் வைத்த பின்னும் பையில் இடம் மிஞ்சும். மருந்தை அதன் அட்டையோடும் மருத்துவர் எழுதிய சீட்டோடும் வையுங்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர் அதைப் பெரிய பெட்டியில் போட்டுவிட்டு வருவது, ஆயுதத்தைக் கூடாரத்தில் விட்டுவிட்டுப் போர்க்களம் புகுவது போன்றது.

திரவங்களுக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. 2006ஆம் ஆண்டு லண்டனில் திரவ வெடிபொருளால் விமானங்களைத் தகர்க்கும் சதி ஒன்று வெளிப்பட்டதிலிருந்து, வெளிநாட்டு விமானங்களில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட திரவப் புட்டியைக் கையில் கொண்டு போக முடியாது. அத்தர், எண்ணெய், பற்பசை எல்லாம் இதில் அடங்கும். மருந்துக்கு விலக்கு உண்டு. அத்தரைப் பற்றி இன்னொரு சொல்: நிய்யத்துக்கு முன் உடலில் பூசிக்கொள்வது நபிவழி, நிய்யத்துக்குப் பின் தொடலாகாது. விமானத்தில் முகம் துடைக்கத் தரும் ஈரத்தாள் பெரும்பாலும் மணமூட்டப்பட்டதாக இருக்கும். இஹ்ராமில் உள்ளவர் அதை நன்றியோடு மறுத்துவிடுவதே நலம்.

கத்தரிக்கோல், சவரக்கத்தி, நகவெட்டி ஆகியவற்றைக் கைப்பையில் வைக்காதீர்கள். தலைமுடி குறைக்க வேண்டும் என்று கத்தரிக்கோலை இஹ்ராம் துணிக்குள் சுருட்டி வைப்பவர்கள் சோதனையில் அதைப் பறிகொடுக்கிறார்கள். அது பெரிய பெட்டிக்குரியது. இதற்கு நேர்மாறாக, கைபேசிக்கு மின்னேற்றும் பவர் பேங்க் பெரிய பெட்டியில் இருக்கவே கூடாது. கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்கறையில் அது தீப்பற்றினால் அணைக்க ஆள் இல்லை என்பதே காரணம். கொப்பரைத் தேங்காயையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். எண்ணெய்ச் சத்து மிகுந்த அது, தானே சூடேறித் தீப்பற்றக்கூடிய பொருள் என்று விமான விதிகளில் வகைப்படுத்தப்பட்டுள்ளது.

நம் வீட்டுப் பெண்மக்களுக்கு முக்கியமாக ஒன்று கூறுவேன். குருமாவுக்கும் பிரியாணிக்கும் சேர்க்கும் கசகசா, சவூதி அரேபியாவிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் கத்தாரிலும் தடை செய்யப்பட்ட பொருள். அபின் செடியின் விதை அது என்பதால் போதைப் பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. “அங்கே சமைத்துச் சாப்பிடட்டும்” என்று அன்போடு அரைத்துக் கொடுக்கும் மசாலாப் பொடியில் ஒரு கரண்டி கசகசா கலந்திருந்தாலும், அல்லாஹ்வின் விருந்தாளியாகச் சென்றவர் காவல் நிலையத்தில் நிற்க நேரும். அவ்வாறே, “இந்தப் பொட்டலத்தை மட்டும் அங்குள்ள என் மருமகனிடம் சேர்த்துவிடுங்கள்” என்று அக்கம்பக்கத்தார் தருவதை அவிழ்த்துப் பாராமல் வாங்காதீர்கள். அமானிதத்தை ஏற்பவன் அது இன்னதென்று அறிந்து ஏற்பதே முறை. பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா என்று விமான நிலையத்தில் கேட்கும் கேள்விக்கு, ஹஜ்ஜுக்குப் போகும் வாயால் பொய் சொல்ல முடியுமா?

பம்பாயிலிருந்து ஜித்தாவுக்கு ஹாஜிமார்களைச் சுமந்த கப்பல் பயணம் 1995இல் நின்றது. அக்காலத்தவர் தகரப் பெட்டியில் அரிசியும் பருப்பும் மண்ணெண்ணெய் அடுப்புமாக மாதக்கணக்கில் வாழும் ஏற்பாட்டோடு சென்றார்கள். அது அவர்களுக்குத் தேவையாக இருந்தது. பயணச் சாதனம் இன்றி, “நாங்கள் இறைவனைச் சார்ந்தவர்கள்” என்று கூறி வந்து, மக்காவில் கையேந்திய யமன் வாசிகளைக் குறித்தே, பயணத்துக்கான பொருளைச் சேகரித்துக் கொள்ளுமாறும், சேகரிப்பதில் மேலானது இறையச்சம் என்றும் உணர்த்தும் அல்பகறா அத்தியாயத்தின் 197ஆம் வசனம் அருளப்பட்டதாக புகாரியில் காண்கிறோம். சாமான் கொண்டு செல்வது தவக்குலுக்கு மாறானதன்று. ஆனால் நான்கு கிலோ புளியும் ஆறு கிலோ ராகி மாவும் மக்காவில் எதற்கு?

எடையைக் கூட்டிக்கொண்டு போய் ஏமாற்றுவோரைக் கண்டு நான் வெட்கியதுண்டு. தராசில் வைக்கும்போது பையிலிருந்து பாதியை எடுத்து உடன் வந்தவரிடம் கொடுத்துவிட்டு, சீட்டு ஒட்டியதும் மீண்டும் திணித்துக் கொள்கிறார்கள். பயணச்சீட்டு ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு ஈமான் கொண்டோருக்கு அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே கட்டளையிடுகிறது. அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைக் கண்டித்துத் திருமறையில் ஓர் அத்தியாயமே இருக்க, கஅபாவுக்குச் செல்லும் வழியில் தராசை ஏமாற்றுவது எத்தகைய தொடக்கம்?

திரும்பும்போது ஸம்ஸம் நீர் விஷயத்திலும் இதுவே நிகழ்கிறது. பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே ஸம்ஸம் புட்டிகளை மறைத்து வைப்பதை சவூதி விமானத் துறை 2022இல் தடை செய்தது. உரிய முறையில் அடைக்கப்பட்ட கலத்தையே தனியாகக் கொண்டு வர வேண்டும். ஹஜ் கமிட்டி வழியாகச் சென்றவர்களுக்கோ, அவர்கள் பங்கான 5 லிட்டர் ஊர் திரும்பும் விமான நிலையத்திலேயே வழங்கப்படுகிறது.

எல்லாம் ஒழுங்காகச் செய்த பின்னும் பெட்டி தவறிப் போவதுண்டு. நாயகம் (ஸல்) அவர்களும் அபூபக்கர் (ரலி) அவர்களும் ஹஜ்ஜுக்குச் சென்றபோது இருவருடைய சாமான்களையும் சுமந்து வந்தது ஒரே ஒட்டகம். அதை ஓட்டி வந்த பணியாள் இரவில் அதைத் தொலைத்துவிட்டு வெறுங்கையோடு வந்து நின்றார். அபூபக்கர் (ரலி) அவர்கள் சினந்து அவரை அடிக்க முற்பட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்களோ புன்னகைத்து, இஹ்ராமில் இருக்கும் இவர் செய்வதைப் பாருங்கள் என்று மட்டும் கூறினார்கள். அஸ்மா (ரலி) அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதில் உள்ளது. ஜித்தாவில் பெட்டி வராமல் ஊழியரிடம் கூச்சலிடும் ஹாஜிகளைக் காணும்போதெல்லாம் இந்நிகழ்ச்சி என் நினைவுக்கு வரும்.

அந்த இண்டூர்ப் பெரியவரின் பெட்டி ஜித்தாவில் நலமாக வந்து சேர்ந்தது. மக்காவில் உம்ராவை முடித்த பின் என் வேட்டியைத் துவைத்து மடித்துத் திருப்பித் தந்தார். ஊர் வந்த பிறகு அவர் செய்துவரும் பணி ஒன்று உண்டு. பயணம் புறப்படுவோர் எவராயினும் முந்தின நாள் அஸர் தொழுகைக்குப் பின் அவரை அழைத்துக்கொண்டு மளிகைக் கடைக்குப் போகிறார்கள். புளி நிறுக்கும் தராசில் கைப்பையை வைத்து எடை பார்க்கிறார். 7 கிலோவுக்கு மேற்பட்டால் அங்கேயே அவிழ்க்கச் சொல்கிறார். மேலாக இஹ்ராம் துணி இருக்கிறதா என்று தம் கையால் தொட்டுப் பார்த்த பிறகே பையின் வாயை மூட விடுகிறார்.