கால்வாய்க் கரையில் ஒரு சைக்கிள் பயணம்

கொலன்னாவையிலிருந்து சைக்கிளில் களனி கங்கையைக் கடந்து வத்தளைப் பக்கம் போனால் ஹமில்டன் கால்வாயைக் காணலாம். 1802 தொடக்கம் 1804 வரை ஆங்கிலேயர் வெட்டிய இக்கால்வாய் நீர்கொழும்பை நோக்கிச் சுமார் 14 கி.மீ. நீள்கிறது. நீர்மட்டத்தை ஒட்டிய கரையாதலால் ஏற்ற இறக்கமில்லை. பஸ்களும் லொறிகளும் விரையும் நீர்கொழும்பு வீதி கிழக்கே விலகிவிடும்.

வடக்கே போகையில் வலப்புறம் முத்துராஜவெல சதுப்புநிலம். முற்காலத்தில் அது நெல்வயல். போர்த்துக்கேயர் காலத்துக் கால்வாயூடாகக் கடல்நீர் ஏறி வயல்களைக் கெடுத்தது. அந்த உவர்நீரை வடிக்கவே ஹமில்டன் கால்வாய் வெட்டப்பட்டது. ஆயினும் வயல் மீளவில்லை.

காணியைப் பிரிந்திருக்கும் நமக்கு இதிலொரு பாடமுண்டு. ஊர் திரும்பி வாய்க்கால் வெட்டுமுன், “கடல்நீர் இதனூடாக ஏறுமா?” என்று முதலில் கேட்போம்.