விராலுக்கு ஒரு தூண்டில், கொடுவாவுக்கு ஒரு தூண்டில்

யூடியூபில் தூண்டில் வீடியோ பார்க்கிறவங்களுக்கு வால்ஐ என்ற பெயர் பழகியிருக்கும். அமெரிக்கா, கனடா ஏரிகளில் வாழும் நன்னீர் மீன். அந்த வீடியோவில் பரிந்துரைக்கிற லூர்களை ஆன்லைனில் வாங்கி, திண்டிவனம் பக்கத்து ஏரியில் வீசி, பாசியைத் தவிர எதுவும் மாட்டலைன்னு சலிச்சுக்கிற நண்பர்கள் எனக்கு இருக்காங்க. லூர் மேல தப்பில்லை. அது வேற தண்ணிக்கு, வேற மீனுக்குச் செய்தது.

வால்ஐ மீனின் கண்ணில்தான் விஷயமே இருக்கு. விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம். உள்ளே வந்த வெளிச்சத்தை அது திருப்பி அனுப்புவதால், மங்கலான நேரத்திலும் அந்த மீனுக்கு நல்லா தெரியும். டார்ச் அடிச்சா பூனைக் கண் மாதிரி பளபளக்கும். அதனால அது இரை தேடுவது அந்தி, இரவு, கலங்கல் தண்ணி. பெரும்பாலும் தரையை ஒட்டியே மேயும். அதுக்காகத்தான் ஈயக் குண்டு வைத்த ஜிக், ஆழமாக இறங்கும் மின்னோ என்று அங்கே அடுக்கி வைக்கிறாங்க.

நம்ம பக்கம் இதுக்கு நெருக்கமான மீன் எதுன்னு தேடினா கொடுவா வரும். அதுக்கும் கண் இரவில் சிவப்பா மின்னும். கழிமுகத்திலும் உப்பங்கழியிலும் வாழ்ந்து, முட்டையிட உப்புத் தண்ணிக்குப் போகும். இளசா இருக்கும்போது ஆணாகவும், வளர்ந்து பெரிதான பிறகு பெண்ணாகவும் மாறுகிற மீன் என்பது தனிக் கதை. கொடுவா இரையைக் கடித்துப் பிடிக்காது. வாயைப் படாரென்று திறந்து தண்ணியோடு சேர்த்து உறிஞ்சும். வால் ஆடுகிற ரப்பர் மீன் அதுக்கு நன்றாக எடுபடுவதற்கு ஒரு காரணம், அது லேசானது, தண்ணியோடு உள்ளே போயிடும். தண்ணி வற்றும் நேரம்தான் வீச வேண்டிய நேரம். சிறு மீனும் இறாலும் வாய்க்காலிலிருந்து வெளியே இழுத்துவரப்படும். பாலத் தூண், மதகு, கல் அடுக்கு இதன் நிழலில் கொடுவா காத்திருக்கும். அதன் செவுள் மூடி கத்தி மாதிரி இருப்பதால், லூருக்கு முன்னால் ஒன்றிரண்டு அடிக்குத் தடித்த நரம்பு கட்டாயம் வேணும்.

மரக்காணம் பக்கத்துக் கழுவெளியில் இதைச் செய்யலாமான்னு கேட்பாங்க. கழுவெளி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 5,000 ஹெக்டேருக்கு மேல் பரப்பு. 2024இல் ராம்சார் தளமும் ஆகிவிட்டது. பொழுதுபோக்குத் தூண்டிலை எல்லைக்கு வெளியிலேயே வைத்துக்கொள்வதுதான் சரி.

ஆனா விழுப்புரம் மாவட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்குக் கையெட்டுகிற தண்ணி ஏரித் தண்ணிதான். வீடூர் அணை கூட நிரம்பினா 32 அடிதான். சாதாரண ஊர் ஏரியில் அதில் பாதி கூட இருக்காது. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, சித்திரைக்குள் தரை தட்டிவிடும். ஓரமெல்லாம் நெய்வேலிக் காட்டாமணக்கு, நடுவில் கருவேல மரம், அடியில் வேலம்பாசி. இந்தத் தண்ணியில் தரையை ஒட்டி ஓடும் ஜிக் ரெண்டு அடி நகர்வதற்குள் பாசிப் பந்தாகிவிடும்.

இங்கே ராஜா விரால். அது செவுளோடு, காற்றையும் நேரடியாக மூச்சிழுக்கும் மீன். தலைக்குள்ளே அதுக்கென்று தனி அறை இருக்கு. மேலே வந்து காற்றை விழுங்கியே ஆகணும். அந்த ஒரு பழக்கம் போதும், லூரைத் தேர்வு செய்ய. ஓடுவது மேல்மட்டத்தில் இருக்கட்டும், பாசியில் மாட்டாமல் இருக்கட்டும். இரண்டும் சேர்ந்ததுதான் தவளை லூர். உள்ளே காலியான மெத்து உடம்பு, முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கும் இரண்டு முள். புல் மேல் இழுத்தாலும் மாட்டாது. மீன் கவ்வி அழுத்தும்போது உடம்பு நசுங்கி முள் வெளியே வரும்.

உயிர்த் தவளையை முள்ளில் கோர்த்து விரால் பிடிக்கும் பழைய முறை நம்ம ஊர்ல இன்னும் இருக்கு. அது நன்றாகவே பிடிக்கும், மறுக்கலை. ஆனால் ரப்பர் தவளை அதே வேலையைச் செய்யும்போது நிஜத் தவளையைக் கொல்ல எனக்கு மனசு வரலை. வயல் பூச்சியைத் தின்கிற பிராணி. தவளைக் கால் ஏற்றுமதியை இந்தியா 1987இல் தடை செய்ததற்கும் அது ஒரு காரணம்.

வீசின பிறகு அவசரம் கூடாது. லூர் விழுந்த வட்டம் அடங்கும்வரை விட்டுவிட்டு, ரெண்டு இழு, ஒரு நிறுத்தம். மீன் பெரும்பாலும் நிறுத்தத்தில்தான் அடிக்கும். அடிச்ச சத்தம் கேட்டதும் கோலைத் தூக்கினால் லூர் மட்டும் பறந்து வரும். ஒரு மூச்சு விட்டு, கனம் கையில் தெரிந்த பிறகு தூக்கணும். பின்னல் நரம்பு 30, 40 பவுண்டு போடறது மீன் பெரிசு என்பதற்காக இல்லை, பாசியிலிருந்து இழுத்தெடுக்க. காலை மட்டும் கவ்விவிட்டு மீன் தப்பிக்கொண்டே இருந்தால், ரப்பர் காலைப் பாதியா வெட்டிவிடுங்க.

நிறம் பற்றிக் கடைக்காரர்கள் நிறைய பேசுவாங்க. நான் பேசுவது கொஞ்சம்தான். மழைக்குப் பின் செம்மண் கலங்கலில் நீல வெளிச்சம் சீக்கிரம் செத்துப்போகும், எனவே நீல லூர் வீண். அப்போ கறுப்பு. கீழேயிருந்து வானத்துக்கு எதிரே பார்க்கிற மீனுக்கு அதன் உருவம் தெளிவாத் தெரியும். கூடவே தண்ணியைக் கலக்கிச் சத்தம் போடும் லூரா இருந்தா, கண்ணால் பார்க்காவிட்டாலும் பக்கவாட்டு உணர்கோட்டால் மீன் கண்டுபிடிக்கும். தை மாதத்தில் தண்ணி தெளிந்த பிறகு பச்சை, பழுப்பு. இந்த மூன்று போதும். ஒரு நாளில் நிறம், வேகம், இடம் மூன்றையும் சேர்த்து மாத்தாதீங்க, எது வேலை செய்ததுன்னு தெரியாமப் போயிடும். நிரலில் பிழை தேடுகிற எங்க ஆளுங்களுக்கு இது புரியும்.

கடைசியா, வீடியோக்களில் அடிக்கடி வருகிற ஒரு காட்சி. ஏரி ஓரத்தில் செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுக் கூட்டம், பந்து மாதிரி மேலே வந்து மூச்சு விட்டு இறங்கும். அதன் நடுவே தவளையை வீசினால் தாய் தகப்பனில் ஒன்று நிச்சயம் பாயும். பசியால் இல்லை, காவலுக்காக. எளிதான மீன், பெரிய மீன், வீடியோவுக்கு நல்ல காட்சி. ஆனா அந்த மீனைத் தூக்கிய கொஞ்ச நேரத்தில் ஜிலேபியும் கெளுத்தியும் கூட்டத்துக்குள் புகுந்துவிடும். ஒரு மீன் கணக்கில் நூற்றுக்கணக்கான விரால் போகுது. ஏரியை ஏலம் எடுத்த குத்தகைக்காரருக்கும் நஷ்டம், அடுத்த வருஷம் அங்கேயே வந்து நிற்கப்போகிற நமக்கும். குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் அங்கே வீசாமல் அடுத்த மதகுக்கு நடந்துவிடுங்க. தெரியாமல் மாட்டிக்கிட்டா உடனே விட்டுவிட வசதியாக, புது லூர் வாங்கினதும் முதல் வேலையா குறடால் முள்ளின் எதிர்க்கொக்கியை நசுக்கி வைங்க. நரம்பு தொய்யாமல் இழுத்தால் மீன் அதனால் தப்பாது.