ஓரியின் பாணர்கள் பிரிந்தது

சங்ககாலத்தில் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியை நாடிப் பாணரும் விறலியரும் வந்தபடி இருந்தனர். அவனைப் புலவர் வன்பரணர் புறநானூற்றின் 152, 153ஆம் பாடல்களில் போற்றுகிறார். அவன் கொடையால் பசியே இல்லாமல் போனதால் அந்தப் பாணர்கள் ஆடவும் முடியாமல், பாடவும் மறந்துபோனார்கள் என்கிறது இரண்டாம் பாடல். ஒரு வள்ளலுக்கு இதைவிடப் பெரிய புகழ் ஏது!

முள்ளூர் மன்னன் காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான். அகநானூறு 209 இதைச் சொல்கிறது. புரவலன் மாய்ந்தால் அவனைச் சூழ்ந்த கலைஞர் கூட்டமும் கலையும். புலவர் பெருஞ்சித்திரனார் புறம் 158இல் ஓரி உட்பட வள்ளல் எழுவரும் மறைந்ததைச் சொல்லி, வள்ளல் குமணனிடம் பரிசில் வேண்டுகிறார். பழைய வள்ளல்களின் வாயில்களுக்கு விடைகொடுத்த பாட்டு அது.

இன்று கொல்லிமலைச் செம்மேட்டில் ஓரிக்குச் சிலை உண்டு; ஆடி மாதத்தில் அரசு விழாவும் நடக்கிறது.