ஒரு புள்ளிக்கு அடியில் எத்தனை புள்ளிகள்?

யுத்தத்தில் கொல்லப்பட்டவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்கள், எறிகணை விழுந்த இடங்கள் பற்றிய தகவல்களைத் திரட்டுபவர்கள் இப்போது அவற்றைக் கணனியில் வரைபடமாகவும் ஆக்குகிறார்கள். ஒரு சம்பவத்துக்கு ஒரு புள்ளி. கணிதத்தில் சிதறல் வரைபு என்று படித்ததும் இதுதான். இங்கே இரண்டு அச்சுகளும் அகலக்கோடும் நெடுங்கோடும். இப்படியான படத்தைக் கண்டால் நான் முதலில் கேட்பது, ஒரு புள்ளிக்கு அடியில் வேறு எத்தனை புள்ளிகள் கிடக்கின்றன என்பதைத்தான்.

2009ஐ எடுத்துக்கொள்வோம். ஜனவரியில் அரசாங்கம் அறிவித்த முதலாவது பாதுகாப்பு வலயம் ஏறத்தாழ 35 சதுர கிலோமீற்றர். பெப்ரவரியில் கரையோரமாக அறிவித்த இரண்டாவது ஏறத்தாழ 14. மே 8இல் அறிவித்த மூன்றாவது வெறும் 2 சதுர கிலோமீற்றர் அளவு. ஒரு சென்ரிமீற்றருக்கு ஒரு கிலோமீற்றர் என்ற அளவில் படம் வரைந்து, 3 மில்லிமீற்றர் அகலப் புள்ளி வைத்தால், ஒரு புள்ளியே நிலத்தில் 300 மீற்றரை மூடிவிடும். மூன்றாவது வலயத்தை முழுதாக நிரப்ப முப்பது புள்ளிகள் வரை போதும். அதன் பிறகு வருவதெல்லாம் முன்பு வைத்ததன் மேல்தான் விழும். முப்பது சம்பவம் நடந்த இடமும் மூவாயிரம் நடந்த இடமும் ஒரே சிவப்புத் திட்டாகத் தெரியும். எங்கே ஆகக் கூடுதலாக நடந்ததோ அங்கேதான் படம் ஆகக் கூடுதலாக மறைக்கிறது.

இதற்கான எளிய வழி, புள்ளியை ஊடுருவித் தெரியும்படி வைப்பது. ஒவ்வொன்றுக்கும் 10 வீத அடர்த்தி கொடுத்தால் தனிப்புள்ளி மங்கலாக இருக்கும். இரண்டு ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் 19 வீதம், பத்து விழுந்தால் 65, முப்பது விழுந்தால் 96. நெரிசல் கருமையாகக் கண்ணில் படும். ஆனால் ஐம்பதைத் தாண்டினால் நிறம் 99 வீதத்தைக் கடந்துவிடும். ஐம்பதும் ஐந்நூறும் மறுபடி ஒன்றாகிவிடும்.

அப்படியென்றால் அடர்த்தியை இன்னும் குறைக்கலாமே என்பார்கள். 1 வீதமாக்கினால் நூறு புள்ளிகள் சேர்ந்து 63 வீதம்தான் வரும். நெரிசல் நன்றாகப் பிரிந்து தெரியும். ஆனால் விசுவமடுவில் வயல்வெளியில் தனியாக நடந்த ஒரு கொலை படத்திலிருந்தே அழிந்துபோகும். அந்த ஒருவரின் குடும்பம் படத்தைத் திறந்ததும் தேடப்போவது அந்தப் புள்ளியைத்தான். ஆகவே முதலில் புள்ளியைச் சிறிதாக்க வேண்டும், பிறகு 10 முதல் 20 வீத அடர்த்தி, அதுவும் போதாவிட்டால் முள்ளிவாய்க்காலை மட்டும் பெருப்பித்துத் தனிப்படம். ஒரே படத்தில் எல்லாவற்றையும் காட்டப் பிடிவாதம் பிடிப்பதில் பயனில்லை.

மென்பொருளிலும் சில பொறிகள் உண்டு. எக்ஸெல் கேட்பது அடர்த்தியை அல்ல, அதன் எதிர்மாறை. 10 வீத அடர்த்தி வேண்டுமென்றால் 90 என்று கொடுக்க வேண்டும். புள்ளியின் விளிம்புக்கோட்டையும் நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் கோடுகளே சேர்ந்து கறுப்பாகிவிடும். கியூஜிஐஎஸ் பாவிப்பவர்கள் முழு அடுக்குக்கும் அல்ல, குறியீட்டுக்கே அந்த அமைப்பை மாற்ற வேண்டும். அடுக்குக்கு மாற்றினால் படம் முழுவதும் வெளிறுமே தவிர, ஒன்றன்மேல் ஒன்று விழுந்தது தெரியாது.

நமது ஆவணங்களில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றுண்டு. சாட்சி “மாத்தளனில்” என்று மட்டும் சொல்லியிருப்பார். கணனி அதை ஊரின் நடுவே ஒரே புள்ளியில் வைத்துவிடும். அப்படி நூறு வாக்குமூலங்கள் ஒரே இடத்தில் குவியும். புள்ளிகளைச் சற்றே அங்குமிங்கும் நகர்த்திப் பரப்புவது வேறு துறைகளில் வழக்கம். இங்கே நான் அதை ஏற்கமாட்டேன். நடக்காத இடத்தில் நடந்ததாகக் காட்டிய ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டே முழு ஆவணத்தையும் பொய் என்று சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். ஊர்ப்பெயர் மட்டும் தெரிந்தவற்றை எண்ணிக்கைக்கேற்ற ஒரு பெரிய வட்டமாக, வேறு நிறத்தில், உள்ளே இலக்கத்தோடு போடுவதே நேர்மை.

ஆணைக்குழுவுக்கோ நீதிமன்றத்துக்கோ கடதாசியில் கொடுப்பதானால் இன்னொன்று: போட்டோக் கொப்பி எடுக்கும்போது மங்கலான புள்ளிகள்தான் முதலில் காணாமல் போகும். ஊர்வாரியான எண்ணிக்கை அட்டவணை ஒன்றையும் கூடவே இணைத்துவிடுங்கள்.