பூனைக்கு பால் கொடுக்கலாமா? பாக்கெட் பால், ஆட்டுப்பால், லாக்டோஸ் நீக்கிய பால்... செலவு குறைவாக எது சரி?

காலையில் பால் பாக்கெட்டை வெட்டும் சத்தம் கேட்டாலே போதும், எந்த மூலையில் தூங்கிக்கொண்டிருந்தாலும் பூனை அடுப்படிக்கு வந்துவிடும். காலைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தும். ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி வைத்தால்தான் வீட்டில் அடுத்த வேலை ஓடும். ஆனால் அதே வீட்டில்தான், "பூனைக்கு அடிக்கடி வயித்தால போகுது, என்னன்னே தெரியல" என்ற புலம்பலும் கேட்கிறது. பல நேரங்களில் இந்த இரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

வளர்ந்த பூனைக்கு பால் அவசியமே இல்லை. ஒத்துக்கொள்ளும் பூனைக்கு எப்போதாவது ஓரிரு ஸ்பூன் கொடுத்தால் தவறில்லை. பாலையே சாப்பாடாக்குவதுதான் சிக்கல்.

பால் ஏன் ஒத்துக்கொள்வதில்லை?

பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. அதைச் செரிக்க லாக்டேஸ் என்ற நொதி தேவை. தாயிடம் பால் குடிக்கும் குட்டியின் குடலில் இந்த நொதி தாராளமாகச் சுரக்கும். சுமார் 8 வாரத்தில் பால்குடி மறந்த பிறகு படிப்படியாகக் குறைந்துவிடும். அதன் பிறகு கிண்ணம் நிறைய பால் குடித்தால், செரிக்காத லாக்டோஸ் பெருங்குடல் வரை போய் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைத்து வாயுவாக்குகின்றன. விளைவு, வயிறு உப்புசம், இளகிய மலம், சில பூனைகளுக்கு வாந்தி.

இது குடித்த உடனே தெரியாது. பெரும்பாலும் 8 முதல் 12 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கும். காலையில் குடித்த பாலுக்கு இரவில்தான் வயிறு கலங்கும். அதனால்தான் பல வீடுகளில் பழி மதியம் போட்ட மீன் மேல் விழுகிறது!

எல்லாப் பூனைக்கும் இப்படி ஆகும் என்று சொல்ல முடியாது. சில பூனைகளுக்கு வாழ்நாள் முழுக்க ஓரளவு லாக்டேஸ் இருக்கும். உங்கள் பூனை எந்த ரகம் என்று பார்க்க, ஒரு டீஸ்பூன் மட்டும் கொடுத்து 24 மணி நேரம் கவனித்தால் போதும். மலம் இளகினால் பாலை அதோடு நிறுத்திவிடலாம்.

ஒத்துக்கொள்ளாத பாலுக்கு ஏன் இப்படி அலைகிறது? இனிப்புக்காக இல்லை. பூனையால் இனிப்புச் சுவையை உணரவே முடியாது. அதற்கான மரபணு பூனை இனத்தில் செயலிழந்து கிடப்பதை அமெரிக்காவின் மோனெல் ஆய்வு மைய விஞ்ஞானிகள் 2005-ல் கண்டறிந்தனர். பாலில் உள்ள கொழுப்பும் புரதமும் அதன் வாசனையும்தான் பூனையை இழுக்கின்றன. பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூனையோடு தன்னை ஒப்பிட்டு அவையடக்கம் பாடியவர் கம்பர். ஆசை அவ்வளவு பழசு, குடல்தான் ஒத்துழைப்பதில்லை.

எந்த பாக்கெட் நல்லது?

ஆவினில் நீலம், பச்சை, ஆரஞ்சு என்று பாக்கெட்டின் நிறம் மாறுவது கொழுப்பின் அளவைக் காட்டத்தான். நீலத்தில் 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6 சதவீதம் கொழுப்பு. ஆனால் பூனைக்குப் பிரச்னை தருவது லாக்டோஸ். அது எல்லா நிறத்திலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான், 100 மில்லிக்கு 4.5 முதல் 5 கிராம் வரை. அதனால் பூனைக்காக விலை கூடிய பாக்கெட் வாங்குவதில் எந்தப் பயனும் இல்லை. கொழுப்பு கூடினால் பூனையின் எடைதான் கூடும்.

நாட்டு மாட்டுப் பால், ஏ2 பால் என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குவோரும் உண்டு. ஏ2-வில் மாறுவது புரதத்தின் வகை மட்டுமே, லாக்டோஸ் அப்படியேதான் இருக்கும். ஆட்டுப்பாலில் லாக்டோஸ் சற்றுக் குறைவு. ஆனால் 100 மில்லிக்கு 4 கிராமுக்கு மேல் இருப்பதால் பெரிய வித்தியாசம் கிடையாது. காய்ச்சினால் கிருமி சாகும், லாக்டோஸ் போகாது. தண்ணீர் கலந்தால்? அதே கிண்ணத்துக்குள் போகும் லாக்டோஸ் பாதியாகும், கொஞ்சம் தண்ணீரும் உள்ளே போகும். அந்த அளவுக்கு அது நல்ல யோசனைதான்.

பால் பவுடர், கண்டென்ஸ்டு மில்க், பால்கோவா எல்லாம் லாக்டோஸ் செறிவாக உள்ளவை. அந்தப் பக்கமே போக வேண்டாம். மிச்சமான டீ, காபி, சாக்லேட் பால் கூடவே கூடாது. அவற்றில் உள்ள கஃபைன், தியோபுரோமின் பூனைக்கு விஷம்.

அமுல் போன்ற நிறுவனங்கள் லாக்டோஸ் நீக்கிய பாலை சின்ன டெட்ரா பேக்கில் விற்கின்றன. லாக்டேஸ் நொதியைச் சேர்த்து லாக்டோஸை முன்கூட்டியே உடைத்துவிடுவதுதான் இதன் சூட்சுமம். பூனைக்கு பால் கொடுத்தே ஆகணும் என்றால் இதுதான் பாதுகாப்பானது. விலை சாதாரண பாலை விட அதிகம் என்பதால், வீட்டில் வேறு யாராவது குடிக்கிறார்கள் என்றால் மட்டும் கட்டுப்படியாகும். இல்லாவிட்டால் கெட்டித் தயிரில் அரை ஸ்பூன் போதும். தயிராகும்போது பாக்டீரியாக்கள் லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன. உப்பு, இஞ்சி, பெருங்காயம் போட்ட மோர் வேண்டாம்.

எவ்வளவு கொடுக்கலாம்?

4 கிலோ எடையுள்ள வீட்டுப் பூனைக்கு ஒரு நாளைக்கு சுமார் 200 முதல் 250 கலோரி போதும். இதர தீனி எல்லாம் சேர்த்து இதில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் பின்பற்றும் பொதுவான கணக்கு. 100 மில்லி பாலில் 60 கலோரிக்கு மேல் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் 2 டேபிள்ஸ்பூன், அதாவது 30 மில்லிதான் உச்சவரம்பு. அதுவும் தினமும் தேவையில்லை. அரை டம்ளர் பால் குடித்த பூனை, தனக்குத் தேவையான மீனையோ கறியையோ பாதியில் விட்டுவிடும்.

உண்மையான ஆபத்து பால் சோறுதான்

வயிற்றுப்போக்கு கண்ணுக்குத் தெரியும் பிரச்னை. தெரியாத பிரச்னை வேறு. 'எங்க பூனை சைவம், பால் சோறு மட்டும்தான் சாப்பிடும்' என்று பெருமையாகச் சொல்லும் வீடுகள் நம்மூரில் உண்டு. பூனை இறைச்சி தின்றே ஆக வேண்டிய விலங்கு. டாரின் என்ற சத்தை அதன் உடலால் போதிய அளவு தயாரித்துக்கொள்ள முடியாது. இறைச்சி, மீனிலிருந்துதான் கிடைக்க வேண்டும். சோற்றில் டாரின் இல்லை, பாலில் இருப்பது மிகக் குறைவு.

டாரின் மாதக்கணக்கில் குறைந்தால் விழித்திரை சிதையும், இதயத் தசை பலவீனமாகும். பூனைகளின் இதயம் வீங்கிப் பலவீனமாகும் நோய்க்கு டாரின் குறைபாடே காரணம் என்பதை கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவர்கள் 1987-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டனர். கடையில் விற்கும் பூனைத் தீனியிலேயே அப்போது டாரின் போதாமல் இருந்தது. அதற்குப் பிறகுதான் நிறுவனங்கள் அளவைக் கூட்டின. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் இதயம் தேற வாய்ப்பு உண்டு. போன பார்வை திரும்பாது. பூனை சுவரில் முட்டத் தொடங்கிய பிறகு மருத்துவரிடம் ஓடிப் பயன் இல்லை.

பால் காசில் என்ன வாங்கலாம்?

தினமும் 100 மில்லி பால் ஊற்றுகிறீர்கள் என்றால், பாக்கெட் பால் விலையில் மாதம் ஏறக்குறைய 150 ரூபாய் ஆகும். அந்தக் காசில் 20-க்கும் மேற்பட்ட முட்டை வாங்கலாம். 100 மில்லி பாலில் 3 கிராம் சொச்சம் புரதம், ஒரு முட்டையில் 6 கிராம். உப்பு போடாமல் அவித்து, மசித்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாதி முட்டை கொடுத்தால் பால் கிண்ணத்தை விடப் பல மடங்கு மேல்.

கறிக்கடையில் கோழி இதயம் கேட்டுப் பாருங்கள். விலை குறைவு, டாரின் நிறைய. ஈரலும் நல்லதுதான், ஆனால் வாரம் ஒன்றிரண்டு முறைக்கு மேல் கொடுத்தால் வைட்டமின் ஏ அளவு மீறிவிடும். வேகவைக்கும்போது டாரின் தண்ணீரில் இறங்கிவிடும். அதனால் அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் ஆறவைத்து உணவோடு ஊற்றணும். மத்தி, நெத்தில் போன்ற மீன்களைப் பச்சையாகப் போடாமல் வேகவைத்து, பெரிய முள்ளை எடுத்துவிட்டுக் கொடுக்கலாம். பச்சை மீனில் உள்ள ஒரு நொதி வைட்டமின் பி1-ஐ அழிக்கும், வெந்தால் அந்தத் தொல்லை இல்லை. மீன் குழம்புச் சோறு மட்டும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த சிவப்பணுக்களை உடைக்கக்கூடியவை.

வீட்டுச் சாப்பாடு மட்டுமே போட்டால் ஏதாவது ஒரு சத்து விடுபடும். அதனால் தினசரி உணவில் ஒரு பங்காவது, 'முழுமையான உணவு' என்று அச்சிட்ட பூனைத் தீனியாக இருப்பது நல்லது. நாய்த் தீனி மலிவு என்று அதைப் போடக்கூடாது, அதில் பூனைக்குத் தேவையான டாரின் இருக்காது.

பால் குடிக்கிறதே என்று தண்ணீர்க் கிண்ணத்தை மறந்துவிடுவதும் நடக்கிறது. தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பூனைகளுக்கு, குறிப்பாக ஆண் பூனைகளுக்கு, சிறுநீர் அடைப்பு வரலாம். மண்ணைப் பறித்துப் பறித்து உட்கார்ந்தும் சிறுநீர் வராவிட்டால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

கண் திறக்காத குட்டி கிடைத்தால்?

முதலில் தூக்காதீர்கள். தாய்ப் பூனை குட்டிகளை ஒவ்வொன்றாக இடம் மாற்றும். குட்டி சூடாக, சத்தம் போடாமல் படுத்திருந்தால் சில மணி நேரம் தள்ளி நின்று பார்க்கலாம். தாய் திரும்பி வந்தால் அதைவிட மலிவான, நல்ல பால் எதுவும் இல்லை.

தாய் வரவே இல்லை என்றால் பூனைக்குட்டிக்கான பால் பவுடர்தான் சரி. செல்லப்பிராணி கடைகளில் கிடைக்கும், விலை கூடுதல்தான். பூனையின் பாலில் பசும்பாலை விட ஏறக்குறைய இரு மடங்கு புரதம் உண்டு. அதனால் பசும்பால் மட்டும் குடிக்கும் குட்டி வளராது. வயிற்றுப்போக்கு வந்தால் நீர்ச்சத்து இழந்து ஓரிரு நாளில் இறந்தும் போகலாம்.

குளிர்ந்து கிடக்கும் குட்டிக்கு உடனே பால் புகட்டக்கூடாது. துணியில் சுற்றிய வெந்நீர் பாட்டில் வைத்து உடம்பைச் சூடாக்கிய பிறகே புகட்டணும். மல்லாத்திப் போட்டு ஊற்றினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். குப்புறப் படுத்த நிலையிலேயே, உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக, முதல் வாரம் 2-3 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்லத் தடவினால்தான் சிறுநீரும் மலமும் வரும். பிறந்தபோது சுமார் 100 கிராம் இருக்கும் குட்டி, தினமும் 10 கிராம் அளவுக்குக் கூடணும். அஞ்சறைப் பெட்டி பக்கத்தில் இருக்கும் சின்ன டிஜிட்டல் தராசே இதற்குப் போதும்.

குட்டிக்கு எந்த வயிற்றுப்போக்கும் அவசரம்தான். பெரிய பூனைக்கு பாலை நிறுத்தி ஒரு நாள் ஆகியும் நிற்கவில்லை, ரத்தம் கலந்து போகிறது, வாந்தியும் சேர்ந்தது என்றால் பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துக்கோ, சென்னையில் இருப்போர் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டுபோகலாம். அதற்குள் வீட்டில் இருக்கும் மாத்திரை எதையும் உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையின் உயிரை எடுத்துவிடும்.