சம்பளத்தில் பாதி: ஓர் ஆணையும் பணிப்பெண்களும்

வெளிநாட்டில் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ்காரர்கள் சம்பளத்தில் பெரும்பங்கை வங்கி வழியாகத் தாய்நாட்டுக்கு அனுப்பியே தீர வேண்டும் என்று 1982 டிசம்பரில் அதிபர் மார்க்கோஸ் ஆணையிட்டார். கப்பல் ஊழியருக்கு 80 சதவீதம், வீட்டுப் பணிப்பெண்களுக்கு 50. அனுப்பியதற்குச் சான்று காட்டாவிட்டால் பாஸ்போர்ட்டைப் புதுப்பிப்பதே சிக்கலாகிவிடும். நிர்வாக ஆணை 857 என்பது அதன் பெயர்.

அரசுக்கு டாலர் தேவைப்பட்டது; வெளிக்கடன் கழுத்தை இறுக்கியது. ஆனால் ஊருக்குப் பணம் அனுப்பாத பணிப்பெண் யார்? கடல் கடந்ததே அதற்காகத்தானே. எவ்வளவு, எப்போது, யார் கையில் என்பதை அவள்தான் அறிவாள். முதலில் ஏஜென்ட் கடனை அடைக்க வேண்டும். விடுமுறைக்குப் போகும் தோழியிடம் கொடுத்துவிட்டால் தொகை அப்படியே அம்மாவின் கைக்குப் போகும். வங்கியில் போட்டால் கட்டணமும் தாமதமும். ஆணையை எழுதியவர்களின் கணக்கில் இவை எதுவும் இல்லை.

எதிர்ப்பு ஹாங்காங்கில் திரண்டதற்குக் காரணம் உண்டு. அங்கே பணிப்பெண்ணுக்கு வாரம் ஒருநாள் ஓய்வு. ஞாயிறு வந்தால் சென்ட்ரல் பகுதியில், வாகனங்களை நிறுத்திவிட்ட சேட்டர் சாலையிலும் அலுவலகக் கட்டடங்களின் தரைத்தளத்திலும் பெண்கள் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்து உட்காருவார்கள். கொண்டுவந்த சோற்றைப் பகிர்ந்துகொள்வதும் முடிவெட்டிக்கொள்வதும் ஊர்க்கதை பேசுவதும் அங்கேதான். ஆறு நாள் ஆளுக்கொரு வீட்டில் தனித்துக் கிடப்பவர்களுக்குச் சங்க அலுவலகமும் அந்தத் தெருதான். 1984இல் அங்கிருந்த பிலிப்பினோ அமைப்புகள் கட்டாயப் பணம் அனுப்புதலுக்கு எதிராகக் கூட்டணி அமைத்தன. 1985இல் தண்டனை விதிகளை மார்க்கோஸ் அரசு கைவிட்டது. கூட்டணி கலைந்துவிடவில்லை, யூனிஃபில் என்று பெயர் மாற்றிக்கொண்டு தொடர்ந்தது.

அடுத்த பெரிய அரங்கம் ஜெனீவா. சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டில் ஒவ்வொரு நாட்டுக்கும் அரசுத் தரப்பில் இருவர், முதலாளிகள் தரப்பில் ஒருவர், தொழிலாளர் தரப்பில் ஒருவர் வாக்களிப்பார்கள். வீட்டு வேலை செய்பவர்களுக்கு அதில் தானாக இடம் கிடைக்காது. 2009இல் உருவான தங்கள் சர்வதேச வலையமைப்பின் துணையோடு, தேசியத் தொழிற்சங்கக் குழுக்களில் சேர்ந்துதான் அவர்கள் உள்ளே போனார்கள். 2011 ஜூன் 16 அன்று 396 வாக்குகள் ஆதரவாகவும் 16 எதிராகவும் விழ, வீட்டுப் பணியாளர்களுக்கான 189ஆம் உடன்படிக்கை நிறைவேறியது. 63 பேர் நடுநிலை.

அதன் 9ஆவது பிரிவைப் படித்தால், வேலை செய்தவர்களின் அனுபவம் எங்கே புகுந்திருக்கிறது என்று தெரியும். எஜமானர் வீட்டில் தங்குவதா வேண்டாமா என்பது பேசி முடிவு செய்யப்பட வேண்டும். பாஸ்போர்ட் பணியாளரின் கையிலேயே இருக்க வேண்டும். விடுமுறை நாளில் அவர் வீட்டிலேயே இருக்கக் கட்டாயமில்லை. கடைசி விதி அற்பமாகத் தோன்றலாம். ஓய்வு நாளில் வீட்டிலிருந்தால் ‘ஒரு காபி மட்டும் போட்டுக் கொடு’ என்று தொடங்கி மாலைக்குள் துணி துவைப்பதுவரை போய்விடும் என்பது அந்த வேலையைச் செய்தவர்களுக்கே தெரியும்.

உருகுவேக்கு அடுத்து, 2012இல் பிலிப்பைன்ஸ் இந்த உடன்படிக்கையை ஏற்றது. ஆதரித்து வாக்களித்த இந்தியா ஏற்கவில்லை. சீனாவும் ஏற்காததால் ஹாங்காங்கை அது கட்டுப்படுத்தாது. பணிப்பெண் எஜமானர் வீட்டிலேயே தங்க வேண்டும் என்ற விதி நீதிமன்றம் வரை போயும் அசையவில்லை.

தங்கள் குரலைக் கேட்கவைக்க வாக்குரிமை இன்னொரு வழி. பிலிப்பைன்ஸ் 2003இல் சட்டம் இயற்றி, வேலை செய்யும் நாட்டிலிருந்தே வாக்களிக்க வகை செய்தது. இந்தியா 2010இல் வெளிநாட்டில் இருக்கும் குடிமக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க ஒப்புக்கொண்டது. ஆனால் நேரில் வந்துதான் வாக்களிக்க வேண்டும் என்று வைத்தது. துபாயில் கொத்தனாராக இருக்கும் ராமநாதபுரத்துக்காரர் ஒரு வாக்குக்காக விமானச் சீட்டு எடுக்க வேண்டும்.

ஆனால் சொந்த நாட்டு வாக்கு, வேலை செய்யும் நாட்டு விதியை மாற்றாது. 2003இல் ஹாங்காங் அரசு பணிப்பெண்களின் குறைந்தபட்சச் சம்பளத்தை 3,670 ஹாங்காங் டாலரிலிருந்து 3,270 ஆக்கியது. அதே ஆண்டு அவர்களை வைத்திருக்கும் எஜமானர்மீது மாதம் 400 டாலர் தீர்வையும் விதித்தது. இரண்டு தொகையும் ஒன்றாக இருப்பதைச் சங்கங்கள் சுட்டிக்காட்டின, ஊர்வலமும் போயின. தீர்வை 2008இல் நிறுத்திவைக்கப்பட்டு 2013இல் நீக்கப்பட்டது. சம்பளம் பழைய 3,670ஐத் தாண்ட 2011 ஆகிவிட்டது.